மஞ்சள் கடுதாசி கொடுத்த மாநகரம்: டெட்ராய்ட்டின் ஓவியங்களும் ஓய்வூதியங்களும்

2014 மே மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளுக்கு ஒரு தடித்த உறை வந்தது. பேருந்து ஓட்டியவர்கள், குப்பை அள்ளியவர்கள், தண்ணீர்க் குழாயைப் பழுது பார்த்தவர்கள், அலுவலகத்தில் கோப்பு எழுதியவர்கள் என எல்லோருக்கும் வந்தது. உள்ளே ஒரு வாக்குச் சீட்டு. ஒப்புக்கொண்டால் மாத ஓய்வூதியத்தில் 4.5% போகும், வருடா வருடம் கிடைத்துவந்த உயர்வும் நின்றுவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் 27% போகும். ஜூலை 11க்குள் பதில் வந்து சேர வேண்டும்.

முப்பது வருடம் உழைத்த ஒருவரிடம், உனக்குத் தருவதாகச் சொன்னதில் எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்று கேட்கும் சீட்டு அது. அந்தச் சீட்டு எப்படி வந்தது, அதில் 27 ஏன் 4.5 ஆனது, அந்த வித்தியாசத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த இடத்துக்கு அந்தப் பணம் வரவே இல்லை என்பதுதான் இந்த ஆய்வு. அமெரிக்க நகராட்சி வரலாற்றில் மிகப் பெரிய திவால் வழக்கு இது. சுமார் 1,800 கோடி டாலர் கடன். பொதுவாக இதை, நகர அருங்காட்சியகத்தின் ஓவியங்களையும் காப்பாற்றினார்கள், முதியவர்களையும் காப்பாற்றினார்கள் என்று ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அந்த முதியவர்கள் இன்னும் சுமக்கிறார்கள்.

சுருங்கிய ஊர், சுருங்காத பொறுப்பு

1950இல் டெட்ராய்ட்டின் மக்கள் தொகை 18.5 லட்சம். 2010 கணக்கெடுப்பில் 7.14 லட்சம். கடைசிப் பத்து வருடத்தில் மட்டும் நான்கில் ஒரு பங்கு மக்கள் போய்விட்டார்கள். ஆனால் ஊரின் பரப்பு அதே 360 சதுர கிலோமீட்டர்தான். தெருவில் பத்து வீட்டில் மூன்றில்தான் ஆள் இருக்கிறார்கள் என்பதற்காகத் தெருவிளக்கில் மூன்றை மட்டும் எரிய விட முடியாது. சாக்கடைக் குழாயை வெட்டிச் சுருக்க முடியாது. 18 லட்சம் பேருக்காகக் கட்டிய ஊரை 7 லட்சம் பேர் கொடுக்கும் வரியில் நடத்த வேண்டியிருந்தது.

மக்கள் ஏன் போனார்கள்? கார் தொழிற்சாலைகள் 1950களிலேயே புறநகர்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் நகரத் தொடங்கின. புது நெடுஞ்சாலைகள் வெளியே குடியேறுவதை எளிதாக்கின. அந்தச் சாலைகளுக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் பிளாக் பாட்டம் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். வெள்ளையர்கள் வெளியேறுவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, அதன் பிறகு வேகம் பிடித்தது. 1974இல் உச்ச நீதிமன்றம் மில்லிக்கன் எதிர் பிராட்லி வழக்கில், டெட்ராய்ட் பள்ளிகளின் இனப் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துத் திட்டம் போட முடியாது என்று சொல்லிவிட்டது. நகர எல்லைக் கோட்டைத் தாண்டினால் வரியும் குறைவு, பள்ளியும் வேறு. வசதி உள்ளவர்கள் தாண்டினார்கள். 2010இல் நகரவாசிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பின மக்கள். சுற்றியிருந்த ஓக்லண்ட், மெக்கோம்ப் மாவட்டங்களில் வெள்ளையர்களே பெரும்பான்மை. இந்தக் கோடு பின்னால் ஓவியங்களின் கதையில் மறுபடியும் வரும்.

2013இல் நகரம் இருந்த நிலையை மூன்று எண்களில் சொல்லலாம். தெருவிளக்குகளில் சுமார் 40% எரியவில்லை. காவல் துறையை அழைத்தால் வந்து சேர சராசரி 58 நிமிடம். கைவிடப்பட்ட கட்டடங்கள் ஏறத்தாழ 78,000. ஊர் திவாலாகும் என்று அங்கே இருந்தவர்களுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பல வருடங்களாக இருட்டில் நடந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு சறுக்கலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓய்வூதியர்கள்தான் நகரத்தை மூழ்கடித்தார்கள் என்ற பேச்சு அப்போது நிறைய இருந்தது. 2005இல் மேயர் குவாமே கில்பாட்ரிக் காலத்தில், ஓய்வூதிய நிதியில் இருந்த பள்ளத்தை அடைக்க மாநகராட்சி சுமார் 140 கோடி டாலர் கடன் வாங்கியது. சட்டப்படியான கடன் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதால், தனி நிறுவனங்களை உருவாக்கி அவற்றின் பெயரில் கடன் பத்திரம் போன்ற சான்றிதழ்களை விற்றார்கள். அதில் பெரும் பகுதிக்கு வட்டி மாறிக்கொண்டே இருக்கும். வட்டி ஏறினால் என்ன செய்வது என்ற பயத்தில், வட்டி விகிதத்தை நிலைநிறுத்தும் ஒப்பந்தங்களை இரண்டு பெரிய வங்கிகளோடு போட்டார்கள். 2008இல் வட்டி சரிந்தது. காப்பாக வாங்கிய ஒப்பந்தமே கழுத்தில் கல்லாக மாறியது. நகரத்தின் கடன் தரம் இறங்கியதும் வங்கிகளுக்கு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை வந்தது. அதைத் தவிர்க்கச் சூதாட்ட விடுதிகளிலிருந்து வந்த வரியை அடகு வைத்தார்கள். நகரத்துக்கு நிச்சயமாக வந்துகொண்டிருந்த சில வருமானங்களில் அதுவும் ஒன்று. இந்த முடிவுகள் எதையும் குப்பை வண்டி ஓட்டியவர் எடுக்கவில்லை.

வாக்காளர் வேண்டாம் என்றதும் வந்ததும்

மிச்சிகனில் நிதி நெருக்கடியில் உள்ள உள்ளாட்சி அமைப்புகளுக்கு மாநில அரசு ஒரு அவசரகால மேலாளரை நியமிக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் மாநகர மன்றமும் பெயருக்கு இருப்பார்கள், அதிகாரம் மேலாளரிடம் இருக்கும். அந்த அதிகாரத்தை விரிவாக்கிய 2011 சட்டத்தை, 2012 நவம்பரில் மாநில மக்கள் நேரடி வாக்கெடுப்பில் ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் கொஞ்சம் மாற்றிய புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதோடு ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்தது. நிதி ஒதுக்கீடு உள்ள சட்டத்தை அந்த மாநிலத்தில் வாக்கெடுப்புக்கு விட முடியாது.

2013 மார்ச்சில் ஆளுநர் ரிக் ஸ்னைடர், திவால் வழக்குகளில் அனுபவம் உள்ள வழக்கறிஞர் கெவின் ஓர் என்பவரை டெட்ராய்ட்டின் மேலாளராக நியமித்தார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர்; நம் முதலமைச்சருக்கு இணை.) அந்த ஆண்டு மிச்சிகனின் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இப்படி நியமிக்கப்பட்ட மேலாளர்களின் ஆட்சியில் இருந்தார்கள். நகரத்துக்கு உதவி தேவைப்பட்டது உண்மை. ஆனால் வாக்குச் சாவடியில் வேண்டாம் என்று சொன்னதை வேறு வாசல் வழியாகக் கொண்டுவந்தது, அடுத்து நடந்த ஒவ்வொன்றின் மீதும் சந்தேகத்தைப் படியவைத்தது. நல்ல முடிவுகளைக்கூட மக்களால் முழு மனதோடு ஏற்க முடியாமல் போனதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

2013 ஜூலை 18, மாலை 4:06க்கு டெட்ராய்ட் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அதே நேரம் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் ஒரு மாநில நீதிபதி, ஓய்வூதியர்களின் மனுவைக் கேட்டு இதற்குத் தடை போட இருந்தார். சில நிமிட வித்தியாசத்தில் நகரத்தின் திவால் மனு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஓய்வூதியர்களின் வாதம் வலுவானது. மிச்சிகன் அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவு, 24ஆவது பகுதி, அரசு ஊழியர் ஈட்டிய ஓய்வூதியத்தைக் குறைக்கவோ சிதைக்கவோ கூடாது என்று சொல்கிறது. டிசம்பர் 3ஆம் தேதி திவால் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஓய்வூதியம் ஓர் ஒப்பந்தம், திவாலில் எந்த ஒப்பந்தத்தையும் வெட்டலாம், கூட்டாட்சிச் சட்டத்தின் முன் மாநில அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு நிற்காது.

அந்த நாளில் அமெரிக்கா முழுதும் நகராட்சி ஊழியர்கள் திடுக்கிட்டார்கள். டெட்ராய்ட்டில் சாதாரண ஊழியர் ஒருவரின் ஓய்வூதியம் சராசரியாக வருடத்துக்கு 19,000 டாலர். காவலர், தீயணைப்பு வீரர்களுக்குச் சுமார் 30,000. அந்த இரண்டாம் பிரிவினருக்கு மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் கிடையாது. நகரம் தருவதுதான் எல்லாம்.

நகரத்தின் கையில் இருந்த ஒரே விலையுயர்ந்த பொருள்

திவாலான ஆளிடம் கடன்காரர்கள் முதலில் கேட்பது, விற்க என்ன வைத்திருக்கிறாய் என்பதுதான். டெட்ராய்ட்டிடம் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. டெட்ராய்ட் கலைக் கழகம் என்று சொல்லலாம்.

வேறு பெரிய நகரங்களின் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் தனி அறக்கட்டளைகளின் சொத்து. இங்கே மட்டும் ஓவியங்கள் ஏன் மாநகராட்சிப் பெயரில் இருந்தன? அதற்கு நூறு வருடப் பழைய காரணம் உண்டு. 1885இல் தனியார் அமைப்பாகத் தொடங்கியது இந்த அருங்காட்சியகம். தனியார் அமைப்புக்கு நகரத்தின் வரிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று 1915இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் வேண்டுமென்றால் ஒரே வழி, அருங்காட்சியகத்தையே நகரத்துக்கு எழுதிக் கொடுப்பது. 1919இல் அப்படியே செய்தார்கள். அப்புறம் வந்தது கார் தொழிலின் பொற்காலம். நகரத்திடம் பணம் கொழித்தது. 1922இல் வான் கோவின் சுய உருவப் படத்தை வாங்கினார்கள். ஒரு வான் கோ ஓவியத்தை வாங்கிய முதல் அமெரிக்கப் பொது அருங்காட்சியகம் இதுதான். இயக்குநராக வந்த வில்லியம் வாலண்டைனர், புரூகலின் திருமண நடனம் என்ற ஓவியத்தை லண்டனில் கண்டுபிடித்து 1930இல் வாங்க வைத்தார். 1932இல் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேராவை அழைத்து, நடு முற்றத்தின் நான்கு சுவர்களிலும் ஃபோர்டின் ரூஜ் ஆலையையும் அங்கே வேலை செய்த தொழிலாளர்களையும் வரையச் செய்தார். 27 பகுதிகள் கொண்ட சுவரோவியம். செலவை ஏற்றவர் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டு. அந்தச் சுவரில் ஓர் இன்ஜின் வார்ப்பைச் சேர்ந்து இழுக்கும் உடல்களைப் பார்த்தால், இந்த ஊர் தன் தொழிலாளிகளை ஒரு காலத்தில் எவ்வளவு பெரிதாக நினைத்தது என்று தெரியும்.

2013 மே மாதத்திலேயே, சேகரிப்பையும் சொத்துக் கணக்கில் சேர்க்க வேண்டிவரலாம் என்று மேலாளர் கெவின் ஓரின் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. மாநில அட்டர்னி ஜெனரல், இந்த ஓவியங்கள் மக்களுக்காக அறக்கட்டளையாக வைக்கப்பட்டவை, விற்க முடியாது என்று கருத்து வெளியிட்டார். இருந்தாலும் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தை வைத்து மதிப்பு போட்டார்கள். நகரப் பணத்தில் நேரடியாக வாங்கிய சுமார் 2,800 பொருட்களுக்கு மட்டும் 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர் வரை. அதில் புரூகல் ஓவியத்துக்கு மட்டும் 10 முதல் 20 கோடி.

கடன்காரர்களில் முக்கியமானவர்கள், 2005 சான்றிதழ்களுக்குக் காப்பீடு தந்த சின்கோரா, எஃப்ஜிஐசி என்ற இரண்டு நிறுவனங்கள். அவர்கள் இந்த மதிப்பு மிகக் குறைவு என்றார்கள். ஓவியங்களை வாங்கவோ அடகு பிடிக்கவோ ஆட்களையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்கள் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதியவரின் மருந்துச் செலவா, சுவரில் தொங்கும் படமா என்று கேட்டால் யார் படத்தைச் சொல்வார்கள்?

ஆனால் கேள்வியே தவறாக அமைக்கப்பட்டது. ஓவியத்தை விற்ற பணம் ஓய்வூதியருக்கு நேராகப் போகாது. எல்லாக் கடன்காரர்களும் பங்கு கேட்பார்கள். அதில் பெரும் பகுதி வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் போகும். தவிர, 2012 ஆகஸ்டில் வெய்ன், ஓக்லண்ட், மெக்கோம்ப் என்ற மூன்று மாவட்ட மக்களும் இந்த அருங்காட்சியகத்துக்காகத் தங்கள் சொத்து வரியைத் தாங்களே உயர்த்தி வாக்களித்திருந்தார்கள். 1,50,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடம் சுமார் 15 டாலர். மொத்தம் வருடத்துக்கு 2.3 கோடி டாலர் சேர்ந்தது. பதிலாக அந்த மூன்று மாவட்டத்தாருக்கும் நுழைவு இலவசம். ஓவியத்தை விற்றால் இந்த வரி நின்றுவிடும் என்று ஓக்லண்டும் மெக்கோம்பும் அறிவித்தன. மேலே சொன்ன அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தவர்கள், நகரத்தின் பள்ளிக்கோ பேருந்துக்கோ இப்படி முன்வந்ததில்லை. ஓவியத்துக்கு வந்தார்கள். இதை அவர்களைக் குறை சொல்லக் குறிப்பிடவில்லை. எதன் பெயரைச் சொன்னால் யார் கதவைத் திறப்பார்கள் என்பது அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ளத் தேவை.

கிராண்ட் பார்கெயின் என்ற பெரும் பேரம்

சமரசப் பேச்சுக்கு ரோட்ஸ் நியமித்தவர், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜெரால்டு ரோசன். அவர் ஒரு காகிதத்தில் கிறுக்கிப் பார்த்த யோசனை இது: கலைக்காகப் பணம் தரக் கூடியவர்களிடம் பணம் வாங்குவோம். ஆனால் அந்தப் பணத்தை ஓய்வூதிய நிதியில் போடுவோம். பதிலாக ஓவியங்களைக் கடன்காரர் கைக்கு எட்டாத அறக்கட்டளைக்கு மாற்றுவோம்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது கடினம். பெரிய அறக்கட்டளைகள் புதிய பள்ளி, புதிய ஆய்வு, புதிய திட்டம் என்று கொடுப்பார்கள். ஒரு நகரத்தின் பழைய கடனை அடைக்க யாரும் கொடுத்ததில்லை. 2013 நவம்பரில் ரோசன் அறக்கட்டளைத் தலைவர்களைக் கூட்டிப் பேசினார். கடைசியில் ஃபோர்டு அறக்கட்டளை 12.5 கோடி, கிரெஸ்கி 10 கோடி, கெல்லாக் 4 கோடி, நைட் 3 கோடி என்று சேர்ந்து, மற்ற அறக்கட்டளைகளையும் கூட்டி 36.6 கோடி டாலர் ஆனது. ஃபோர்டு அறக்கட்டளை 1936இல் எட்சல் ஃபோர்டு தொடங்கியது. பின்னர் அது நியூயார்க்குக்குப் போய்விட்டது. சுவரோவியத்துக்குப் பணம் கொடுத்தவரின் அறக்கட்டளை, எண்பது வருடம் கழித்து அதே சுவருக்காகத் திரும்பி வந்தது.

மாநில அரசு 35 கோடி தர ஒப்புக்கொண்டது. இருபது வருடத்தில் தருவதற்குப் பதிலாக ஒரே தவணையில் 19.5 கோடியாகக் கொடுத்தது. அருங்காட்சியகம் தன் பங்குக்கு 10 கோடி திரட்ட வேண்டும். மூன்று கார் நிறுவனங்கள் சேர்ந்து அதில் 2.6 கோடி கொடுத்தன. ஆக மொத்தம் 81.6 கோடி டாலர், இருபது வருடக் கணக்கில்.

இந்தப் பணம் ஒரு நிபந்தனையோடு வந்தது. இரண்டு ஓய்வூதியப் பிரிவினரும் ஆம் என்று வாக்களிக்க வேண்டும். மாநில அரசின் மீது வழக்குப் போடும் உரிமையைக் கைவிட வேண்டும். அப்படித்தான் மே மாதத்தில் அந்த உறை வந்தது.

சாதாரண ஊழியர்களில் 73%, காவல், தீயணைப்புப் பிரிவில் 82% ஆம் என்றார்கள். காவலர்களுக்கு அடிப்படை ஓய்வூதியம் குறையவில்லை. வருட உயர்வு மட்டும் பாதிக்கும் கீழே போனது. 2014 நவம்பர் 7ஆம் தேதி ரோட்ஸ் திட்டத்தை ஏற்றார். ஓவியங்களை விற்பது டெட்ராய்ட்டின் எதிர்காலத்தையே இழப்பது என்று தன் தீர்ப்பில் எழுதினார். டிசம்பர் 10ஆம் தேதி நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது. சுமார் 700 கோடி டாலர் கடன் கழிந்தது. பத்து வருடத்தில் நகரச் சேவைகளுக்காக 170 கோடி செலவிட இடம் கிடைத்தது.

ஓய்வூதியர்கள் மற்றக் கடன்காரர்களைவிட நன்றாகவே நடத்தப்பட்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சொத்து வரியின் உத்தரவாதம் இருந்த கடன் பத்திரக்காரர்களுக்கே 100 டாலருக்கு 74தான் கிடைத்தது. உத்தரவாதம் குறைந்த பத்திரங்களுக்கு 34. சான்றிதழ்களுக்குக் காப்பீடு தந்த நிறுவனங்களுக்கு அதைவிடக் குறைவாகப் பணமும், ஈடாக நகர நிலங்களும் கிடைத்தன. வட்டி ஒப்பந்த வங்கிகளுக்கு 16.5 கோடி கொடுத்து முடிக்கலாம் என்று நகரம் சொன்னதை ரோட்ஸ் மறுத்துத் திருப்பி அனுப்பினார், அது 8.5 கோடியில் முடிந்தது. நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் அல்ல.

4.5க்குள் ஒளிந்திருப்பது

இங்கேதான் வெற்றிக் கதையோடு எனக்குச் சண்டை. 4.5% என்ற எண்ணை மட்டும் பார்த்தால் சின்ன வெட்டு போலத் தெரியும். நம் ஊரில் ஓய்வூதியம் வாங்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்: அகவிலைப்படியை நிறுத்திவிட்டு அடிப்படையில் 4.5% மட்டும்தான் குறைத்தேன் என்று அரசு சொன்னால் என்ன சொல்வார்கள்? டெட்ராய்ட்டில் வருடம் 2.25% உயர்வு இருந்தது. சாதாரண ஊழியர்களுக்கு அது முழுதாகப் போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 19,000 டாலர் வாங்கியவர் 4.5% போக 18,145 வாங்குகிறார். 2014க்கும் 2024க்கும் இடையில் அமெரிக்காவில் விலைவாசி 30 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அந்த 18,145ஐ வைத்து 2024இல் வாங்க முடிந்தது, 2014இல் சுமார் 13,700 டாலரில் வாங்கிய சரக்குதான். அதாவது உண்மையான வெட்டு கால் பங்குக்கும் மேல். சீட்டில் பயமுறுத்திய 27% மெதுவாக நடந்து வந்து சேர்ந்துவிட்டது. இல்லை என்று வாக்களித்திருந்தால் 27% வெட்டும் விழுந்து, அதன் மேல் விலைவாசியும் ஏறியிருக்கும், ஆகவே ஆம் என்றதுதான் சரி. ஆனால் 4.5 என்ற எண் மட்டும் ஊடகங்களில் நிலைத்துவிட்டது, அது நியாயமில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஊழியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து விருப்பப்பட்டுச் சேமிக்க ஒரு கணக்கு இருந்தது, நம் வருங்கால வைப்பு நிதியில் கூடுதலாகப் போடுவது போல. ஓய்வூதிய நிதி நட்டமடைந்த வருடங்களிலும் இந்தக் கணக்குகளுக்குக் கொழுத்த வட்டி கொடுக்கப்பட்டது. திவாலில், 2003 முதல் 2013 வரை கூடுதலாகக் கொடுத்த வட்டியைத் திரும்ப எடுத்தார்கள். ஓய்வு பெற்றவரானால் மாத ஓய்வூதியத்தில் 15.5% வரை பிடித்தம். 4.5ஐயும் சேர்த்தால் சிலருக்கு 20% போனது. அந்த வட்டியைத் தீர்மானித்தவர்கள் நிதியின் அறங்காவலர்கள். வாங்கியவர் தனக்கு அனுப்பிய கணக்குத் தாளை நம்பியவர். பிழையைத் திருத்துவது தேவையாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதன் முழுச் சுமையும் நம்பியவர் மேல் விழுந்தது.

எல்லாவற்றிலும் பெரிய வெட்டு மருத்துவக் காப்பீட்டில். ஓய்வு பெற்றவர்களுக்கு வாழ்நாள் மருத்துவச் செலவாக நகரம் தர வேண்டியிருந்தது சுமார் 430 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தது சுமார் 45 கோடி மதிப்புள்ள பத்திரங்கள். பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. 65 வயதாகாதவர்களுக்கு அரசின் மெடிகேர் காப்பீடும் கிடையாது. 2014 மார்ச் முதல் அவர்களில் பெரும்பாலோர் கைக்கு மாதம் 125 டாலர் கொடுத்து, சந்தையில் காப்பீடு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயதில் முதுகு போய் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரருக்கு 125 டாலரில் எந்தக் காப்பீடு கிடைக்கும்?

ஓய்வூதியத்துக்கு 81.6 கோடி வெளியிலிருந்து வந்தது. மருத்துவத்துக்கு ஒரு டாலர்கூட அப்படி வரவில்லை. ஏன்? ஓய்வூதியத்தை ஓவியத்தோடு முடிச்சுப் போட முடிந்தது. மாநில அரசியல் சட்டமும் ஓய்வூதியத்தின் பக்கம் ஒரு கையை நீட்டியிருந்தது, அதனால் வழக்கு நீளும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. மருத்துவக் காப்பீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லை, அதைக் காப்பாற்ற முன்வரும் புரவலரும் இல்லை. ரோசனின் யோசனை அருமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாருக்குத் தேவை அதிகம் என்று பார்த்து அந்தப் பணம் வரவில்லை. எதனோடு முடிச்சுப் போட முடியுமோ அதற்கு வந்தது. இந்த வழக்கைப் படிக்கும் ஒவ்வொரு நகராட்சி அதிகாரியும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே 2014 கோடையில் குடிநீர்க் கட்டணம் பாக்கி வைத்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பைத் துண்டித்தார்கள். வாரத்துக்கு மூவாயிரம் வரை துண்டிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் கண்டித்தார்கள். துண்டிப்பை நிறுத்தச் சொல்லி வந்த மனுவை, இலவசமாகவோ கட்டுப்படியான விலையிலோ தண்ணீர் பெறச் சட்டத்தில் உரிமை இல்லை என்று ரோட்ஸ் செப்டம்பரில் தள்ளுபடி செய்தார். ஐந்து பெரிய ஏரிகளின் நடுவில், கண்ணெதிரே ஆறு ஓடும் ஊரில் இது நடந்தது.

அப்புறம்

நகரம் எழுந்தது, அதை மறைக்கக் கூடாது. 2013 நவம்பரில் மைக் டகன் மேயராகத் தேர்வானார். முதல் சுற்றில் அவர் பெயர் சீட்டிலேயே இல்லை, மக்கள் கையால் எழுதி வாக்களித்தார்கள். 2016 முடிவுக்குள் 65,000 எல்இடி தெருவிளக்குகள் எரிந்தன. 2018இல் மாநிலத்தின் நிதிக் கண்காணிப்பிலிருந்து நகரம் வெளிவந்தது. 1988 முதல் பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024இல் திறந்தது. 2023 மதிப்பீட்டில் மக்கள் தொகை 1957க்குப் பிறகு முதல் முறையாகக் கொஞ்சம் ஏறியது. 2024இல் மூடிஸ் நிறுவனம் நகரத்தின் கடன் தரத்தை முதலீட்டுக்கு ஏற்றது என்ற நிலைக்கு உயர்த்தியது.

கலைக் கழகத்தின் வரியை 2020 மார்ச்சில் மூன்று மாவட்ட மக்களும் இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டித்தார்கள். ஓவியங்கள் இப்போது மாநகராட்சியின் சொத்து இல்லை. 1919இல் வந்த வழியே திரும்பிப் போய், அருங்காட்சியகத்தை நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்பின் பெயரில், நிரந்தர அறக்கட்டளையாக இருக்கின்றன.

ஓய்வூதியர்களில் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, இனி பிரிக்க முடியாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட, தள்ளுபடி செய்தது. திட்டம் சில ஆண்டுகளுக்கு நகரத்தை ஓய்வூதிய நிதிக்குப் பெரிதாகப் பணம் போடுவதிலிருந்து விடுவித்திருந்தது. அந்தச் சலுகை 2023இல் முடிந்தது. இந்த நாளுக்காகத் தனியே சேர்த்துவைத்த நிதியின் துணையோடு நகரம் மறுபடியும் கட்டத் தொடங்கியிருக்கிறது. நிதி எவ்வளவு சம்பாதிக்கும் என்று திட்டத்தில் வைத்த ஊகம் வருடத்துக்கு 6.75%. சந்தை அதற்குக் கீழே போகும் வருடங்களில் பள்ளத்தை நகரமே அடைக்க வேண்டும். 2014 ஜூலையில் ஆம் என்று குறியிட்டுத் தபாலில் போட்ட பேருந்து ஓட்டுநரின் மாதக் காசோலையில், உயிரோடு இருந்தால், இன்றும் அந்த 4.5% குறைவாகத்தான் வருகிறது.